கணுக்கால் உயரத்தில் இரண்டு கண்கள்

ஜாலான் காயுவில் எங்கள் தரைவீட்டுக்
கராஜ் கதவுக்கு இரண்டு கண்கள்.
இடத்தூணில் ஒன்று, வலத்தூணில் ஒன்று,
தரையிலிருந்து ஒரு சாணுக்கும் குறைவு.
நடுவே யார் கண்ணுக்கும் படாத ஒரு கோடு.
பூனையின் வால் பட்டாலும் போதும்,
இறங்கும் கதவு திடுக்கிட்டு
மேலே ஏறிவிடும்.

ஏறிக்கொண்டே இருந்தது,
அதுதான் வம்பு.

ஈசூன் மருத்துவமனையில் இரவு வேலை முடித்து
எட்டு மணிக்குக் காரை நிறுத்துவேன்.
கிழக்கு வெயில் நேராக வலக்கண்ணில் விழும்.
கதவு பாதி இறங்கும், நிற்கும், ஏறும்.
மறுபடி பட்டன். மறுபடி பாதி.
ஒரு நாள் சிலந்தி வலை, ஒரு நாள் எறும்பு,
நவம்பரில் வெறும் ஈரம்.
பத்து மணி நேரம் நின்ற கால்களுக்கு
இதெல்லாம் காரணமாகவே தெரியாது.

ஒரு செவ்வாய்க்கிழமை
திருகாணிகளைக் கழற்றி
இரண்டு கண்களையும் மேலே கொண்டுபோய்
மோட்டார்ப் பெட்டியின்மீது எதிரெதிரே வைத்து
ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினேன்.
சிரிப்புக்கூட வந்தது.
புதிதாய்க் கல்யாணமானவர்கள் மாதிரி
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கட்டும்,
உலகம் எக்கேடு கெட்டால் என்ன.
கையோடு கையாக
விசைத் திருகையும் ஒரு சுற்றுக் கூட்டினேன்.

அப்புறம் பதினொரு மாதம்
கதவு ஒருமுறைகூட முரண்டவில்லை.
பரவாயில்லையே, யார் சரிபண்ணியது என்றார் இவர்.
நான்தான் என்றேன்.

அடைக்கலராஜ் வந்தது வேறு வேலைக்கு.
ஸ்பிரிங்கில் ஏதோ கிறீச்.
"நீங்க மட்டும் இதைத் தொட்டுடாதீங்கக்கா,
முறுக்கி வச்ச கோவம் இது" என்றபடி
ஏணியில் ஏறியவர்
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.
இறங்கினார்.
மறுசுழற்சிப் பையைத் துழாவி
காலி மைலோ டின் ஒன்றை எடுத்து
வாசல் நடுவில் நிறுத்தினார்.
பட்டனை அமுக்குங்க.

கதவு இறங்கியது.
தயங்கவே இல்லை.
டின் இடுப்பில் மடிந்தது.

எதிர்வீட்டு ஜியா யிக்கு மூன்று வயது.
பந்து எங்கே ஓடுகிறதோ அங்கே அவளும்.
நிமிர்ந்து நின்றால் என் இடுப்புவரை வருவாள்,
பந்தை எடுக்கக் குனிந்தால்
டின் உயரம்தான்.
எத்தனை முறை உள்ளே ஓடிவந்திருப்பாள் என்று
எண்ணத் தொடங்கி
நிறுத்திக்கொண்டேன்.

வார்டில் மானிட்டர் அலறினால்
முதலில் படுத்திருப்பவர் முகம்,
பிறகுதான் பொத்தான்.
சத்தத்தை அணைப்பது சிகிச்சை ஆகாது.
புதிய தாதிகளிடம் சொல்லிச் சொல்லி
என் தொண்டை வறண்டிருக்கிறது.

அவர் திட்டவில்லை.
திட்டியிருக்கலாம்.
கண்களைக் கீழே இறக்கிப்
பழைய ஓட்டையிலேயே பூட்டினார்.
நசுங்கிய டின்னில் ஒரு துண்டு வெட்டி
வெயில் விழும் கண்ணுக்கு மேலே
புருவம்போல் வளைத்து வைத்தார்.
விசையைக் குறைத்தார்.
சிவப்புக் கயிற்றைக் காட்டி,
கரண்ட் போனா இது, ஆனா
கதவு மூடியிருக்கும்போது மட்டும் இழுங்க என்றார்.
எழுபது வெள்ளி.
மைலோவுக்குக் காசு வேண்டாமாம்.

இப்போது மாதத்தின் முதல் சனிக்கிழமை
சமையலறை டிஷ்யூ சுருள் ஒன்றை
வாசலில் நிறுத்திவைக்கிறேன்.
கதவு தொடாமல் ஏறினால் ஒரு பெருமூச்சு.
இவருக்கு இது வேடிக்கை.
டிஷ்யூவுக்குத் திருஷ்டி கழிக்கிறாயா என்கிறார்.

இன்று காலை
பாதியில் நின்று ஏறியது.
கால் வலி அப்படியேதான் இருக்கிறது.
காரை விட்டிறங்கிக் குனிந்து பார்த்தேன்.
ஒரு வாடிய இலை, கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு.
சீருடை நுனியால் துடைத்தேன்.

அங்கே யாருமில்லை என்று
கதவுக்குத் தெரியாது.
எனக்கும்,
குனிகிறவரை.